தெரியாத தாமிரத்தை எண்ணுவது

வினையூக்கிகளில் உள்ள உலோக அயனிகளைக் காந்த ஒத்ததிர்வு நிறமாலை கொண்டு ஆராயும் யாரைச் சந்தித்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றே: மாதிரியில் இருக்கும் உலோகத்தில் எவ்வளவு பங்கு உங்கள் நிறமாலையில் தெரிகிறது? கோடுகள் எங்கே விழுகின்றன, எத்தனையாகப் பிளக்கின்றன என்பதையெல்லாம் பிறகு ஆற அமரப் பேசலாம். இந்த முதல் கேள்விக்கு எண்ணாக விடை கிடைக்காதவரை மற்றவற்றை நான் முழுமனதோடு ஏற்பதில்லை. காரணத்தைச் சொல்ல எனக்கு மிகவும் பிடித்த பொருள் ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: தாமிரம் ஏற்றிய சபசைட்டு வகைச் சியோலைட்டு.

சியோலைட்டு என்பது சிலிக்கன், அலுமினியம், ஆக்சிஜன் சேர்ந்து கட்டிய படிகம். உள்ளே ஒழுங்கான அறைகளும் அவற்றை இணைக்கும் வாசல்களும் உண்டு. சபசைட்டில் அந்த வாசலின் அகலம் ஏறத்தாழ 3.8 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). சிலிக்கன் இருக்க வேண்டிய இடத்தில் அலுமினியம் அமர்ந்தால் சட்டகத்தில் ஓர் எதிர்மின்னூட்டம் மிஞ்சுகிறது. அதை ஈடுகட்ட ஒரு நேர் அயனி அருகே வந்து நிற்க வேண்டும். அங்கே தாமிரத்தை நிறுத்தினால், டீசல் எஞ்சின் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளை அம்மோனியாவின் துணையோடு நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்றும் வினையூக்கி கிடைக்கிறது. நான்கு மூலக்கூறு நைட்ரிக் ஆக்சைடும் நான்கு அம்மோனியாவும் ஓர் ஆக்சிஜனும் உள்ளே போனால், நான்கு நைட்ரஜனும் ஆறு நீரும் வெளியே வருகின்றன. தூளின் எடையில் தாமிரம் சில விழுக்காடுதான். வேலை முழுவதும் அந்தச் சில விழுக்காட்டில் நடக்கிறது. அதிலும் எந்தத் தாமிரம், எந்த நிலையில், எந்த அலுமினியத்தின் பக்கத்தில் நின்று வேலை செய்கிறது என்பதுதான் ஆய்வின் உயிர்நாடி.

இரண்டு நேர்மின்னூட்டம் கொண்ட தாமிர அயனியை இங்கே தாமிரம்-2 என்றும், ஒன்று கொண்டதைத் தாமிரம்-1 என்றும் எழுதுகிறேன். தாமிரம்-2இன் டி எனப்படும் வெளி ஆற்றல் மட்டத்தில் ஒன்பது எலக்ட்ரான்கள்; இவை டி எலக்ட்ரான்கள். எட்டு இணைசேர்ந்துவிட, ஒன்று தனித்து நிற்கிறது. அந்த எலக்ட்ரானின் தற்சுழற்சி காந்தப்புலத்தில் இரண்டு ஆற்றல் நிலைகளாகப் பிரியும். இடைவெளிக்குப் பொருந்தும் நுண்ணலை வந்தால் உறிஞ்சிக்கொள்ளும். இதுதான் எலக்ட்ரான் பாராகாந்த ஒத்ததிர்வு. ஆய்வகப் பேச்சில் ஈபிஆர். 1944இல் கசான் நகரில் எவ்கெனி சவோய்ஸ்கி இதைக் கண்டறிந்தார். அவர் ஆரம்பத்தில் அளந்த உப்புகளுள் தாமிர குளோரைடும் ஒன்று. ஆகவே இந்த முறையும் தாமிரமும் பிறப்பிலிருந்தே கூட்டாளிகள்.

இன்று பெரும்பாலான ஆய்வகங்களில் இருக்கும் கருவி 9.5 கிகாஹெர்ட்ஸ் அளவில் இயங்குகிறது. ஒத்ததிர்வு எந்தப் புலத்தில் விழும் என்பதைத் தீர்மானிக்கும் எண் ஜி-மதிப்பு. தனி எலக்ட்ரானுக்கு அது 2.0023, அதற்கு இந்த அதிர்வெண்ணில் 339 மில்லிடெஸ்லா புலம் தேவை. அறை வெப்பநிலையில் இரு நிலைகளுக்கும் இடையிலான எண்ணிக்கை வேறுபாடு பத்தாயிரத்துக்கு எட்டு அளவே. நமக்கு வந்து சேரும் சமிக்ஞை முழுவதும் அந்த எட்டிலிருந்துதான். குளிர்விக்கக் குளிர்விக்க வேறுபாடு பெருகும், சமிக்ஞையும் பெருகும். திரவ நைட்ரஜனின் 77 கெல்வினுக்கு இறங்கினால் ஏறத்தாழ நான்கு மடங்கு லாபம்.

அளவீட்டைக் கொஞ்சம் அருகிலிருந்து பாருங்கள். தூளைக் குவார்ட்ஸ் குழாயில் எடுக்கிறோம். சாதாரணக் கண்ணாடி உதவாது. அதில் கலந்திருக்கும் இரும்பு ஜி 4.3இல் தன் முத்திரையைப் பதித்துவிடும். குழாயை, நுண்ணலையைத் தேக்கிவைக்கும் உலோகப் பெட்டியான ஒத்ததிர்வுக் குழியின் நடுவில் இறக்கி, நுண்ணலை திரும்பி வராத நிலைக்குக் கருவியை இசைவிக்க வேண்டும். மாதிரியில் நீர் மிகுந்திருந்தால் அது நுண்ணலையை விழுங்கும். குழியின் தரம், அதாவது நுண்ணலையைத் தேக்கும் திறன், சரியும். அதே அளவு தாமிரம் குறைவாகத் தெரியும். புலத்தை மெல்ல உயர்த்தும்போது திரையில் வருவது உறிஞ்சல் கோடு அல்ல, அதன் முதல் வகைக்கெழு. மேலே ஏறி, நடுக்கோட்டைக் கடந்து, கீழே இறங்கும் அலை. பல காலம் பார்த்தபிறகு கண் அந்த வடிவத்திலேயே சிந்திக்கத் தொடங்கிவிடுகிறது.

நீரேறிய வெளிர்நீலத் தூளை அறை வெப்பநிலையில் அளந்தால் பெரும்பாலும் அகன்ற, ஏறக்குறைய சமச்சீரான அலை வரும். நீர் மூலக்கூறுகளால் சூழப்பட்ட தாமிரம் அறைக்குள் புரண்டுகொண்டே இருப்பதால் திசைவேறுபாடுகள் சராசரியாகிவிடுகின்றன. அதே குழாயைத் திரவ நைட்ரஜனில் முக்கி எடுத்து அளந்தால் நிறமாலை விரிந்து திறக்கும். 290 மில்லிடெஸ்லாவை ஒட்டிக் குறைந்த புலப் பக்கத்தில் சீரான இடைவெளியில் சிறுசிறு மேடுகள்; 328 மில்லிடெஸ்லாவை ஒட்டி ஒரு பெரிய, செங்குத்தான எழுச்சி. தாமிர அணுக்கருவின் தற்சுழற்சி 3/2 என்பதால் மேடுகள் நான்கு இருக்க வேண்டும். மூன்றுதான் தெளிவாகத் தெரியும். நான்காவது பெரும்பாலும் அந்தப் பெரிய எழுச்சிக்கு அடியில் புதைந்துகிடக்கும். மேடுகளின் நடுப்புள்ளி ஜி-மதிப்பைத் தரும். அவற்றின் இடைவெளி, அணுக்கருவின் காந்தத்தால் கோடு பிரியும் அளவான மீநுண் பிளவைத் தரும். இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால், தாமிரத்தைச் சுற்றி ஆறு நீர் மூலக்கூறுகள் உள்ளனவா, சட்டகத்தின் ஆக்சிஜன்கள் சதுரமாகப் பிடித்திருக்கின்றனவா என்று சொல்லலாம். தூளில் படிகங்கள் எல்லாத் திசையிலும் சிதறிக் கிடக்க, அதற்குள்ளிருந்து ஓர் அயனியின் அண்டைவீட்டு அமைப்பைப் படித்தெடுப்பது இன்றும் எனக்கு மலைப்பாகவே இருக்கிறது.

இனிதான் விஷயம். அதே குழாயை ஆக்சிஜன் ஓட்டத்தில் சூடாக்கி நீரை முழுவதும் விரட்டிவிட்டு, மூடி, குளிரவைத்து மீண்டும் அளக்கிறோம். ஒரு துகள் தாமிரம்கூட வெளியே போகவில்லை. ஆக்சிஜன் இருந்ததால் ஓர் எலக்ட்ரானைப் பெற்றுத் தாமிரம்-1 ஆகக் குறையவும் (ஒடுக்கமடையவும்) காரணமில்லை. ஆனால் சமிக்ஞை குறைந்துவிடுகிறது. மாதிரியின் கலவையைப் பொறுத்துப் பெரும்பகுதியே கூட மறைந்துவிடும். எங்களோடு வேலை செய்யத் தொடங்கியிருந்த மாணவி ஒருவர் முதன்முறை இதைப் பார்த்ததும் குழாயில் விரிசல் இருக்கிறதா என்று விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “சார், ஈரம் ஏறட்டும், திரும்ப அளந்து பார்க்கிறேன்” என்றார். அதைவிடச் சரியான அடுத்த அடி கிடையாது. ஈரம் ஏறியதும் தாமிரம் முழுவதும் திரும்பிவந்தது.

எங்கே போயிருந்தது? சபசைட்டில் தாமிரம்-2 இரண்டு விதமாக நிற்கிறது. சட்டகத்தில் ஆறு சிலிக்கன் அல்லது அலுமினிய அணுக்கள் ஆக்சிஜன் வழியே கோத்த ஆறு உறுப்பு வளையத்தில் இரண்டு அலுமினியம் இருந்தால், தாமிரம் தன் இரண்டு மின்னூட்டத்தையும் அங்கேயே ஈடுகட்டிக்கொண்டு வளையத்தின் தளத்தில் அமர்ந்துவிடும். ஒரே அலுமினியம்தான் இருக்கிறது என்றால், ஒரு ஹைட்ராக்சைடைத் தன்னோடு வைத்துக்கொண்டு எட்டு உறுப்பு வளையத்தின் பக்கம் நிற்கும். நீர் போன பிறகும் ஈபிஆரில் தெரிவது முதல் வகை. காணாமற்போவது இரண்டாவது வகை என்பதே பரவலாக ஏற்கப்படும் விளக்கம். தனித்த எலக்ட்ரான் அதனிடமும் இருக்கிறது. ஆனால் சுற்றுச்சூழலின் சமச்சீர்மை மாறும்போது ஆற்றல் நிலைகள் நெருங்கிவருகின்றன. தற்சுழற்சி மிக வேகமாகத் தளர்ந்து (நுண்ணலையால் கிளர்ந்த நிலையிலிருந்து பழைய நிலைக்குத் திரும்பி), கோடு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அகன்றுவிடுகிறது என்கிறார்கள். இந்த விளக்கத்தின் நுணுக்கங்களில் கருத்து வேறுபாடு இன்னும் தீரவில்லை. ஆனால் மறைவு நிகழ்கிறது என்பதிலும், நீரோ அம்மோனியாவோ வந்து தொட்டதும் சமிக்ஞை திரும்புகிறது என்பதிலும் ஐயமில்லை.

எண்ணாமல் விட்டிருந்தால் என்னாகும்? உலர்ந்த மாதிரியின் நிறமாலை பார்ப்பதற்கு மிக அழகாக இருக்கும். கூர்மையான மேடுகள், தெளிவான பிளவு, கணினிப் பொருத்தம் கோட்டோடு கோடாக ஒட்டும். ‘எங்கள் வினையூக்கியில் தாமிரம் ஆறு உறுப்பு வளையத்தில் இருக்கிறது’ என்று எழுதிவிடலாம். அந்த வாக்கியம் பொய்யாகாது. ஆனால் தாமிரத்தில் ஒரு பகுதியைப் பற்றிய உண்மையை முழுத் தாமிரத்தின் மேல் ஏற்றிவிடும். மறைந்துபோன பகுதிதான் வேதிவினையில் எளிதாக ஈடுபடக்கூடியது, எளிதாகத் தாமிரம்-1 ஆகக் குறையக்கூடியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இழப்பு எவ்வளவு பெரிது என்று புரியும்.

எண்ணுவது கடினமானதும் அல்ல. பொறுமை வேண்டும், அவ்வளவுதான். வகைக்கெழுவை இரண்டு முறை தொகைப்படுத்தி, தாமிர அளவு துல்லியமாகத் தெரிந்த ஒரு திட்டப் பொருளை அதே நிலைமைகளில் அளந்து ஒப்பிட வேண்டும். மயில்துத்தம் (நீரேறிய தாமிர சல்பேட்டுப் படிகம்) இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. அதன் எடையில் 25.5 விழுக்காடு தாமிரம். குழாயின் விட்டமும் தூளின் உயரமும் வெப்பநிலையும் ஒத்திருக்க வேண்டும், குழியின் தரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். சமிக்ஞை இல்லாத இடத்தில் ஓடும் அடிக்கோட்டில் சிறு சாய்வு இருந்தால்கூட இரண்டாவது தொகையில் அது பூதாகாரமாக வளர்ந்துவிடும் என்பதால், கோடுகள் முடிந்தபின்னும் இருபுறமும் நீளமாக அளந்து வைப்பது என் வழக்கம். இத்தனை செய்தாலும் பத்து விழுக்காடு அளவுக்குப் பிழை இருக்கும். அது எனக்கு உறுத்துவதில்லை. பத்து விழுக்காடு பிழையோடு பாதித் தாமிரம் காணவில்லை என்று சொல்வது, ஒன்றுமே சொல்லாமல் விடுவதைவிட எவ்வளவோ மேல்.

வினை நடக்கும்போது மறைவு இன்னும் செறிவாகிறது. நைட்ரிக் ஆக்சைடும் அம்மோனியாவும் சேர்ந்து வந்தால் தாமிரம்-2, தாமிரம்-1 ஆகக் குறைகிறது. பத்து டி எலக்ட்ரான்கள், எல்லாம் இணைசேர்ந்தவை. ஈபிஆருக்கு ஒன்றும் தெரியாது. 200 டிகிரி செல்சியஸ் அளவில் இந்தத் தாமிரம்-1 இரண்டு அம்மோனியாவைப் பற்றிக்கொண்டு சட்டகத்திலிருந்து விடுபட்டு நடமாடத் தொடங்கும். அப்படிப்பட்ட இரண்டு அயனிகள் சந்தித்தால், ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைத் தங்களுக்கு நடுவில் வாங்கிக்கொள்ளும். அவை மீண்டும் தாமிரம்-2 ஆகிவிட்டன என்று எக்ஸ்-கதிர் உறிஞ்சல் சொல்கிறது. ஈபிஆர் அப்போதும் வாய் திறப்பதில்லை. இரண்டு தனி எலக்ட்ரான்களும் ஆக்சிஜன் பாலத்தின் வழியே எதிரெதிராகப் பிணைந்து ஒன்றையொன்று அடக்கிவிடுவதே காரணம். ஆக்சிஜனோடு நைட்ரிக் ஆக்சைடையும் சேர்த்து விட்டால் தாமிரம் நைட்ரேட்டாகித் தெரியத் தொடங்கும்.

ஆக, ஒரே உலோகத்திடமிருந்து மூன்று வகை மௌனம். எலக்ட்ரான் நிறைந்ததால் ஒன்று, தளர்வு வேகமானதால் ஒன்று, இணை சேர்ந்ததால் ஒன்று. நிறமாலையில் மூன்றும் ஒரே தட்டைக் கோடுதான். எந்த வாயுவைக் காட்டினால் எவ்வளவு திரும்பிவருகிறது என்பதை வைத்துத்தான் மூன்றையும் பிரிக்க முடியும். இதனால்தான் ஒற்றை நிறமாலையை நம்பி எழுதிய கட்டுரையைவிட, ஒரே குழாயைப் பல வாயுக்களுக்கு வரிசையாகக் காட்டி ஒவ்வொரு படியிலும் எண்ணி எழுதிய கட்டுரையை நான் மதிக்கிறேன். கோடுகள் சற்று மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

அணுக்கரு காந்த ஒத்ததிர்வு, அதாவது என்எம்ஆர், இதே கதையை மறுபக்கத்திலிருந்து சொல்கிறது. சியோலைட்டில் அலுமினியம்-27 அணுக்கருவைப் பார்க்கலாம் (இங்கே 27 என்பது நிறை எண், மின்னூட்டம் அல்ல). இயற்கையில் அலுமினியம் முழுவதும் அந்த ஐசோடோப்புதான். சட்டகத்தில் நான்கு ஆக்சிஜன்களோடு இருக்கும் அலுமினியம் 60 பிபிஎம்மை (என்எம்ஆரில் கோட்டின் இடத்தைக் குறிக்கும் அலகு) ஒட்டித் தெரியும். சட்டகத்தைவிட்டு வெளியேறி ஆறு ஆக்சிஜன்களைப் பிடித்தது பூஜ்யத்தை ஒட்டி. கூர்மையான கோடு வேண்டுமானால் மாதிரியைக் காந்தப்புலத்துக்கு 54.74 டிகிரி சாய்வில் வைத்து அதிவேகமாகச் சுழற்ற வேண்டும். இன்றைய மிகச்சிறிய சுழலிகள் வினாடிக்கு ஒரு லட்சம் சுற்றையும் தாண்டுகின்றன. ஆனால் அலுமினியத்தின் பக்கத்தில் தாமிரம்-2 வந்து நின்றால், அதன் தனி எலக்ட்ரானின் காந்தத்தன்மை அந்த அணுக்கருவின் கோட்டை அகலப்படுத்தி அழித்துவிடும். எனவே ஈபிஆர் பார்க்கும் இடமே என்எம்ஆருக்குக் குருட்டுப் புள்ளி. எனக்கு இது குறையாகத் தோன்றவில்லை. தாமிரம் ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் அலுமினியத்தை எண்ணினால், காணாமற்போன அலுமினியம்தான் தாமிரத்துக்கு அண்டைவீடு என்று அறியலாம். அதற்கும் எண்ணிக்கை வேண்டும். கோட்டின் இடம் மட்டும் போதாது. நீராவியில் வெந்த சியோலைட்டுகளில் தாமிரமே இல்லாவிட்டாலும் அலுமினியத்தில் ஒரு பகுதி தெரியாமல் போவதுண்டு: சுற்றுப்புறம் கோணலாகிவிட்டால் நான்முனைத் தன்மை (கோளமாக இல்லாத மின்னூட்டப் பரவல்) கொண்ட அந்த அணுக்கருவின் கோடு அடிக்கோட்டோடு கரைந்துவிடும். வலிமையான காந்தங்களும் வேகமான சுழற்சியும் வந்தபின் இதில் பெரும்பங்கை மீட்டெடுக்க முடிகிறது.

வனேடியத்தில் இரு கருவிகளும் வேலையைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. வனேடியம்-5ஐ என்எம்ஆர் பார்க்கும். வனேடியம்-4ஐ ஈபிஆர் எட்டுக் கோடுகளாகப் பார்க்கும். நடுவே வனேடியம்-3 சாதாரண ஈபிஆர் கருவியில் பெரும்பாலும் சிக்குவதில்லை.

இரும்பு வேறு மாதிரிச் சோதனை. இங்கே ஆபத்து மௌனத்தால் வருவதில்லை, மிகையாகத் தெரிவதால் வருகிறது. தனியாக, கோணலான நான்முகிச் சூழலில் இருக்கும் இரும்பு-3 அயனி ஜி 4.3இல் கூர்மையான கோட்டைத் தரும். மாதிரியில் அது மிகச் சொற்பமாக இருந்தாலும் நிறமாலையில் முதலில் கண்ணில் படுவது அதுதான். கூட்டத்தில் உரத்துப் பேசும் ஒருவரைப் போல. எஞ்சிய இரும்பு சிறு ஆக்சைடு திரள்களாகச் சேர்ந்து ஜி 2ஐ ஒட்டி, கண்டுகொள்ளத் தோன்றாத அளவுக்கு அகன்ற மேடாகப் படர்ந்திருக்கும். வெப்பநிலையை மாற்றி அளப்பதே இதற்கு நல்ல வழி. தனி அயனிகளின் சமிக்ஞை குளிரக் குளிர வளரும். தற்சுழற்சிகள் எதிரெதிராகப் பிணைந்த திரள்களின் சமிக்ஞை குளிரும்போது சுருங்கும். ஒரே வெப்பநிலையில் எடுத்த இரும்பு நிறமாலையை வைத்து ‘தனி அயனிகளே அதிகம்’ என்று யாராவது எழுதியிருந்தால் நான் அடுத்த பக்கத்துக்குப் போவதில்லை.

துடிப்பு முறை ஈபிஆரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையின் மிக அழகிய நிறமாலைகள் அங்கேதான் இருக்கின்றன. நுண்ணலையைத் துடிப்புகளாகச் செலுத்தினால் எலக்ட்ரான்கள் எதிரொலி ஒன்றைத் தரும். அந்த எதிரொலியின் உயரம் அருகிலுள்ள அணுக்கருக்களின் தாளத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும். 340 மில்லிடெஸ்லாவில் அலுமினியத்தின் தாளம் 3.8 மெகாஹெர்ட்ஸ், புரோட்டானுடையது 14.5. இவற்றை இருபரிமாண வரைபடமாக விரிக்கும் ஹைஸ்கோர் என்ற முறையில், தாமிரத்திலிருந்து சில ஆங்ஸ்ட்ராம் தொலைவுக்குள் அலுமினியம் நிற்கிறதா, அம்மோனியாவின் நைட்ரஜன் நேரடியாகப் பிணைந்திருக்கிறதா என்று தனித்தனித் திட்டுகளாகப் பார்க்கலாம். இவ்வளவு நுணுக்கமான தகவலை இத்தனை எளிய தூளிலிருந்து தரும் முறைகள் வெகு சில. ஆனால் எதிரொலி தரும் அளவுக்கு மெதுவாகத் தளரும் தாமிரம் மட்டுமே இதில் பேசுகிறது. சாதாரண ஈபிஆரில் தெரிந்ததிலும் ஒரு பங்குதான் இங்கே வந்து சேரும். வடிகட்டி மேல் வடிகட்டி.

தனி எலக்ட்ரானே இல்லாத அயனியையும் ஈபிஆரில் மறைமுகமாகப் பார்க்க ஒரு வழி உண்டு. ஆக்சிஜன் மூலக்கூறு ஓர் எலக்ட்ரானைப் பெற்றுச் சூப்பராக்சைடாகி உலோக அயனியின் மேல் ஒட்டிக்கொள்ளும்போது, அதன் மிகப் பெரிய ஜி-மதிப்பு கீழே இருக்கும் அயனியின் மின்னூட்டத்தைக் காட்டிக்கொடுக்கும். டைட்டானியம்-4 மேல் அது 2.02 அளவில் இருக்கும். மக்னீசியம்-2 மேல் 2.07ஐத் தாண்டும். மின்னூட்டம் கூடக்கூட எண் தனி எலக்ட்ரானின் மதிப்பை நோக்கி இறங்கும். ஈபிஆருக்குத் தானாகத் தெரியாத அயனியின் முகவரியை அதன் விருந்தாளியிடம் கேட்டறியும் இந்த உத்தியை, வினையூக்கிப் பரப்புகளை ஆராய வரும் எவரும் தொடக்கத்திலேயே கற்றுக்கொள்ள வேண்டும்.

தாமிரத்துக்கே திரும்புகிறேன். வண்டியில் உழைத்த வினையூக்கி நீராவியிலும் வெப்பத்திலும் முதுமையடைகிறது. ஹைட்ராக்சைடோடு நின்ற தாமிரத்தில் ஒரு பகுதி இடம்பெயர்ந்து, இரண்டு அலுமினியம் உள்ள உறுதியான இடத்தில் போய்ச் சேர்கிறது. இன்னொரு பகுதி சட்டகத்தை முற்றிலும் விட்டுவிட்டுத் தாமிர ஆக்சைடுத் திரளாகிவிடுகிறது. உலர்ந்த நிலையில் ஆக்சைடுத் திரளும் மௌனம், ஹைட்ராக்சைடுத் தாமிரமும் மௌனம். ஒன்று கெட்டுப்போன தாமிரம், மற்றது மிகச் சுறுசுறுப்பானது. இரண்டையும் ஒரே ‘தெரியாத பங்கு’ என்று சேர்த்து எழுதினால் முதுமையைப் பற்றி நாம் எதுவும் கற்கவில்லை என்றுதான் பொருள்.

பிரிப்பதற்கு ஒரே குழாயில் மூன்று எண்கள் போதும். மாதிரியின் ஒரு பகுதியை அமிலத்தில் கரைத்து வேதிப் பகுப்பாய்வால் மொத்தத் தாமிரம். நீரேறிய நிலையில் 77 கெல்வினில் எண்ணிய தாமிரம். அதே குழாயை ஆக்சிஜனில் உலர்த்தி மீண்டும் எண்ணிய தாமிரம். முதல் எண்ணுக்கும் இரண்டாவதற்கும் உள்ள வேறுபாடு, நீர் கொடுத்தும் திரும்பாத ஆக்சைடுத் திரள். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள வேறுபாடு ஹைட்ராக்சைடுத் தாமிரம். மூன்றாவது எண்ணே வளையத்தில் உறுதியாக அமர்ந்தது. புதிய மாதிரிக்கும், 550 டிகிரியில் முதிர்ந்ததற்கும், 800 டிகிரியில் முதிர்ந்ததற்கும் இதே மூன்று எண்களை எடுத்து ஒரே தாளில் வரைந்து பாருங்கள். துடிப்பு முறைக் கருவியோ வலிமையான காந்தமோ இல்லாத ஆய்வகத்திலும் இது முடியும். நல்ல குவார்ட்ஸ் குழாயும், கசியாத வால்வும், எடை பார்த்து வைத்த கொஞ்சம் மயில்துத்தமும் இருந்தால் நாளைக்கே தொடங்கலாம்.